நோயின் நடுவில் ஸ்தோத்திரம்: பார்க்க வருகிறவர்கள் கட்டாயப்படுத்தலாமா?

கேள்வி: பொருநைக்கரை

கர்த்தருடைய நாமத்தில் அனைவருக்கும் வாழ்த்துகள்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்துவருகிறது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ஞாயிறு ஆராதனையும் இரவில் குடும்ப ஜெபமும் எங்கள் இருவருக்குமே சிறுவயதிலிருந்து வந்த பழக்கம். இந்த நோய் வந்த பிறகும் நாங்கள் ஜெபத்தை விட்டுவிடவில்லை.

எங்களைப் பார்க்க வருகிற ஜெபக்குழுவினர் சிலர், "இந்த நோய்க்காகவே ஸ்தோத்திரம் சொல்லுங்கள், நீங்கள் முழு மனதோடு துதிக்காதபடியால்தான் விடுதலை தாமதிக்கிறது" என்கிறார்கள். அதற்கு ஆதாரமாக, "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற 1 தெசலோனிக்கேயர் 5:18-ஐக் காட்டுகிறார்கள். ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அடங்கிய சிறு புத்தகம் ஒன்றையும் கொடுத்து, தினமும் அதை முழுவதும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வரும் மாதக் கூட்டத்தில் என் கணவர் எழுந்து நின்று, "இந்த வியாதியைத் தந்த கர்த்தருக்கு நன்றி" என்று சாட்சி சொல்லவேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பும் நாளில் அவரால் ஒரு வார்த்தை பேசுவதற்கே முடிவதில்லை. அவர் என்னிடம், "தேவனிடத்தில் பொய் சொல்லச் சொல்கிறார்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. துன்பத்தில் நன்றி சொல்வதென்றால் உண்மையில் என்ன? எதற்காகச் சொல்வது? அதை இன்னொருவர் நம்மிடம் கேட்டு வாங்கலாமா? வேதத்தை நன்கு வாசித்தவர்கள் விளக்கினால் உதவியாயிருக்கும்.

பதில் 1: பழைய பாமாலை

அன்புள்ள சகோதரிக்கு,

நான் சேகர குருவானவராக (ஒரு வட்டாரத்துச் சபைகளுக்குப் பொறுப்பான போதகராக) பல ஆண்டுகள் ஊழியம் செய்து ஓய்வுபெற்றவன். உங்கள் கணவர் கேட்ட கேள்வி விசுவாசக் குறைவிலிருந்து வந்ததல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேவனிடத்தில் பொய் சொல்லக்கூடாது என்று அஞ்சுகிறவரே அப்படிக் கேட்பார்.

அவர்கள் காட்டிய வசனத்தை அது இருக்கும் இடத்தில் வைத்து வாசியுங்கள். அப்போஸ்தலனாகிய பவுல் அந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, கொரிந்துவிலிருந்து ஏறக்குறைய கி.பி. 50-ஆம் ஆண்டில் எழுதினார். நமக்குக் கிடைத்துள்ள அவருடைய நிருபங்களில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. அதைப் பெற்ற தெசலோனிக்கே சபை வசதியாக உட்கார்ந்திருந்த சபையல்ல. பவுலுக்கு இடங்கொடுத்த யாசோனை அந்த ஊரார் பட்டணத்து அதிகாரிகளிடம் இழுத்துக்கொண்டு போனதை அப்போஸ்தலர் 17-இல் வாசிக்கிறோம். தங்களுக்குள் சிலர் மரித்துப்போனதால் கலங்கியிருந்த சபையும் அதுவே. அவர்களுக்குப் பவுல் 4-ஆம் அதிகாரத்தில் எழுதும்போது, துக்கப்படவே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கையில்லாத மற்றவர்களைப்போலத் துக்கியாதிருங்கள் என்கிறார். துக்கத்துக்கு அங்கே இடம் உண்டு.

அதைவிட முக்கியமான ஒன்று. ஸ்தோத்திரத்தைப்பற்றிய 18-ஆம் வசனத்துக்கு நான்கு வசனங்களுக்கு முன்னால், அதாவது 14-ஆம் வசனத்தில், "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்" என்று எழுதியிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கான கட்டளை அதுதான். தங்களுக்குரிய 14-ஆம் வசனத்தைத் தாண்டிப்போய், உங்களுக்குரிய 18-ஆம் வசனத்தை உங்களிடம் வசூலிப்பது அந்த அதிகாரத்தை வாசிக்கும் முறையல்ல. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட சந்திப்புகளுக்குப் பின்னர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்ட குடும்பங்களை என் ஊழியத்தில் பார்த்திருக்கிறேன்.

யோபுவின் புத்தகத்திலும் இதே காரியம் இருக்கிறது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்ற வார்த்தையை யோபு தன் வாயால் சொன்னான். அதைச் சொல்லும்படி ஒருவரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. அவனுடைய சிநேகிதர் மூவரும் வந்து ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தவரைக்கும் நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள். வாயைத் திறந்து, அவனுடைய துன்பத்துக்குக் காரணத்தை அவனிடமே தேடத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள். அதே யோபு 3-ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். தேவனோடு வழக்காடவும் செய்கிறான். கடைசியில் கர்த்தர் அந்தச் சிநேகிதரைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். முறையிட்டவனுடைய பேச்சு ஏற்றுக்கொள்ளப்பட்டது. தேவனுக்காக வாதாட வந்தவர்களின் பேச்சு தள்ளப்பட்டது.

ஆகவே, நோய்க்காக நன்றி சொல்லவேண்டிய கடமை உங்கள் கணவருக்கு இல்லை என்பதே என் கருத்து. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள், அதாவது தன்னை விடாது வருத்திய ஒன்று, நீங்கவேண்டுமென்று மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள்ளை எடுத்துவிடும்படி கேட்பதும் விசுவாசந்தான். நோய் நோயாகவே இருக்க, அதன் நடுவிலும் நம்மைக் கைவிடாதவருக்கு நன்றி சொல்வதே வேதம் காட்டுகிற வழி.

பதில் 2: சீயோன் வாசல்

ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் துதி ஆராதனையே வெறும் சத்தம் என்ற எண்ணம் இந்த உரையாடலில் உருவாகிவிடக்கூடாது.

மனதில் நன்றி பொங்கும்வரை காத்திருந்துதான் ஸ்தோத்திரம் சொல்லவேண்டும் என்றால், துன்பப்படுகிறவர் ஒருநாளும் சொல்லமாட்டார். எபிரெயர் 13:15 அதை ஸ்தோத்திரபலி என்கிறது. பலி என்றால் கொடுப்பவருக்கு அதில் இழப்பு உண்டு. யோசபாத் ராஜாவின் நாளில், 2 நாளாகமம் 20-இல் உள்ளபடி, யூதாவின்மேல் பெருங்கூட்டம் படையெடுத்து வந்தபோது பாடகரே படைக்கு முன்னே நிறுத்தப்பட்டார்கள். வெற்றிக்குப் பின் அல்ல, அதற்கு முன்பே பாடினார்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் முதுகெல்லாம் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, பவுலும் சீலாவும் நடுராத்திரியிலே பாடினார்கள்.

நம் காலத்துக்கு நெருங்கிய ஒன்றையும் சொல்கிறேன். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் கடிகாரக் கடை வைத்திருந்த டென் பூம் குடும்பத்தார், யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்ததற்காக 1944 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார்கள். முதியவரான தகப்பனார் சில நாட்களிலேயே சிறைக்காவலில் மரித்தார். சகோதரிகளான பெட்ஸியும் கோரியும் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் அடைக்கப்பட்ட கொட்டடி முழுவதும் தெள்ளுப்பூச்சி. அன்று காலையில் வாசித்த பகுதி இதே 1 தெசலோனிக்கேயர் 5-ஆம் அதிகாரம் என்பதால், பெட்ஸி தெள்ளுப்பூச்சிக்காகவும் நன்றி சொன்னாள். அதற்கு மட்டும் தன்னால் நன்றி சொல்ல முடியாது என்று கோரி நினைத்தாள். அந்தப் பூச்சிகளுக்குப் பயந்தே காவலர்கள் உள்ளே வருவதில்லை என்பதும், அதனால்தான் அங்கே தடையில்லாமல் வேதம் வாசிக்க முடிந்தது என்பதும் பின்னரே அவர்களுக்குத் தெரிந்தது.

ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தையும் தூக்கி எறியவேண்டாம். அதிலுள்ளவை பெரும்பாலும் வேதத்தில் தேவனுக்கு வழங்கும் நாமங்களும் அவருடைய செயல்களுமே. சொந்த வார்த்தை வராத இரவில் அதிலிருந்து பத்து வரி வாசிப்பது சிலருக்கு உண்மையிலேயே கைகொடுக்கிறது. தினமும் ஆயிரத்தையும் முடித்தால்தான் சுகம் என்று சொல்வது மட்டும் தவறு. எங்கள் போதகரும் அப்படிப் போதிப்பதில்லை.

பதில் 3: காவிரிக்கரைக் கத்தோலிக்கன்

மூவருக்கும் வணக்கம். நண்பர் சொன்ன யோசபாத்து நிகழ்ச்சியில் ஒன்றைச் சேர்க்கவேண்டும். பாடகர்களை முன்னே அனுப்புவதற்கு முன், அதே அதிகாரத்தின் 12-ஆம் வசனத்தில், தங்களுக்கு வலிமை இல்லை என்றும் செய்வது இன்னதென்று தெரியவில்லை என்றும் அரசர் மக்கள் முன்னிலையில் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். துதி அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த முதல் பகுதியைத் தவிர்த்துவிட்டு இரண்டாம் பகுதியை மட்டும் கேட்பதால்தான் அது பொய்போல ஒலிக்கிறது.

பிலிப்பி சிறையையும் சற்றுக் கவனியுங்கள். நிலநடுக்கத்தில் கதவுகள் திறந்த பின்னும் பவுலும் சீலாவும் வெளியே ஓடவில்லை. காவலன் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளாதபடி அங்கேயே இருந்தார்கள். விடுதலைக்கு விலையாக அவர்கள் பாடியிருந்தால், கதவு திறந்ததும் கிளம்பியிருப்பார்கள். இந்த நிகழ்ச்சி உள்ள அப்போஸ்தலர் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து தப்புவிக்கப்படுகிறார். யாக்கோபோ, பேதுருவைச் சிறையிலடைத்த அதே ஏரோது அரசனின் வாளுக்கு இரையாகிறார். யாக்கோபு சரியாகத் துதிக்கவில்லை என்று திருச்சபையில் ஒருவரும் சொன்னதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஜெர்மானியப் போதகர் மார்ட்டின் ரிங்கார்ட்டைப்பற்றி. சாக்சனி நாட்டின் ஐலன்பர்க் நகரில் 1586-இல் பிறந்து, அங்கேயே பணியாற்றி, 1649-இல் இறந்தவர். முப்பதாண்டுப் போர் நடந்த காலம் அது. மதில் சூழ்ந்த நகரம் என்பதால் சுற்றுப்புறத்து ஏதிலிகள் அங்கே வந்து நெருக்கியடித்துக் குடியேற, 1637-இல் கொள்ளைநோய் பரவியது. மற்றக் குருக்கள் இறந்தும் விலகியும் போக, அடக்கச் சடங்கு முழுவதும் இவர் தலையில் விழுந்தது. ஒரே நாளில் நாற்பது ஐம்பது பேருக்குக்கூடச் செபம் சொல்லி அடக்கம் செய்தார். அந்த ஆண்டில் அவர் அடக்கம் செய்தவர்கள் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் ஒருவர் அவருடைய மனைவி. நோய் ஓய்ந்ததும் பஞ்சம் வந்தது. அதன்பின் சுவீடன் படை நகரத்தின்மேல் பெருந்தொகையைத் தண்டமாக விதித்தபோது, அதைக் குறைக்கச் சொல்லி மன்றாடப் போனவரும் இவரே.

"எல்லாரும் இப்போது கடவுளுக்கு நன்றி கூறுங்கள்" என்ற பொருளில் தொடங்கும் புகழ்பெற்ற ஜெர்மன் பாடல் இவர் இயற்றியது. 1858-இல் கேத்தரின் விங்க்வொர்த் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பிறகு உலகெங்கும் பரவியது. அத்தனை பிணங்களுக்கு நடுவே நின்று இதை எழுதினார் என்று மேடைகளில் உருக்கமாகச் சொல்வார்கள். ஆனால் பாடல் கொள்ளைநோய்க்கு முன்பே எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. அது தம் வீட்டாருக்காக எழுதப்பட்ட உணவுவேளைச் செபம். எங்கள் விவிலியத்திலுள்ள சீராக்கின் ஞானம் என்ற நூலில் 50-ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியைத் தழுவியது.

எனக்கு இந்த வரிசைதான் மேடைக் கதையைவிட மதிப்புள்ளதாகத் தோன்றுகிறது. சாவு வாசலில் நிற்கும்போது ஒருவரைப் பிடித்து நிறுத்தி, இப்போது ஒரு நன்றிப்பாட்டு எழுது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. சோறு இருந்த நாளில் மேசையைச் சுற்றி அமர்ந்து அவர் குடும்பம் சொல்லிப் பழகிய செபம், சோறில்லாத நாளிலும் வாயில் நின்றது. பிற்காலத்தில் 1757-இல் லாய்தன் போரில் வென்ற பிரஷ்யப் படைவீரர்கள் இதைப் பாடினார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுச் செபம் வெற்றி முழக்கமானது வேறொரு கதை, அதை இங்கே நீட்ட விரும்பவில்லை.

எங்கள் திருப்பலியில் நற்கருணை மன்றாட்டின் தொடக்கத்தில் இறைவனுக்கு நன்றி கூறுவோம் என்று குரு அழைக்க, "அது தகுதியும் நீதியும் ஆனதே" என்று மக்கள் பதில் சொல்வார்கள். திருமணத் திருப்பலியிலும் அதே வார்த்தை, அடக்கத் திருப்பலியிலும் அதே வார்த்தை. தகப்பனை இழந்து முன்வரிசையில் நிற்பவரால் அன்று அதைச் சொல்ல முடியாமற்போகலாம். அவருக்குப் பின்னால் நிற்கும் ஊரார் சொல்வார்கள். சகோதரி, உங்கள் கணவரால் முடியாத நாளில் அவருக்குப் பதிலாக நன்றி சொல்வதுதான் மற்றவர்களின் வேலை.

பதில் 4: வைகை மருமகள்

அக்கா, என் மாமியாருக்கும் டயாலிசிஸ் நடக்கிறது. எனக்கு இவர்களைப்போல விளக்கத் தெரியாது. நடைமுறையில் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

பெட்ஸியைப்பற்றி எழுதிய அண்ணனுக்கு ஒரு வார்த்தை. அவள் தெள்ளுப்பூச்சி கடித்த அதே பலகையில் படுத்துக்கொண்டு சொன்னாள். 1944 டிசம்பரில் அந்த முகாமிலேயே இறந்தும்போனாள். வெளியிலிருந்து யாரும் வந்து, நீ இதற்கு நன்றி சொல் என்று அவளிடம் கேட்கவில்லை. தன் தங்கை மறுத்தபோதும் அவளை விசுவாசமில்லாதவள் என்று அவள் தள்ளவில்லை. உங்கள் கணவரோடு டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணிநேரம் உட்கார்ந்திருக்கிற இன்னொரு நோயாளி ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னால் அது வேறு; மின்விசிறிக்குக் கீழே ஒரு காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறவர் சொல்வது வேறு.

என் மாமியார் நோய்க்காக ஒருநாளும் நன்றி சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆனால் ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் இணைத்துவைத்த இரத்தக்குழாயில்) ஊசி முதல் தடவையிலேயே சரியாக இறங்கினால், "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அவர்கள் வாயிலிருந்து தானாக வரும். அந்த யூனிட்டில் இருக்கும் டெக்னீஷியன் தம்பி பொறுமையாக நரம்பைப் பார்த்துக் குத்துகிற நாளில் அவன் பேரைச் சொல்லியே ஜெபிப்பார்கள். கால் வீக்கம் குறைந்தால் அதற்கு ஒரு நன்றி. சில நாட்களில் நன்றி சொல்ல எதுவுமே இருக்காது. அப்போது 13-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்வார்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிற அந்தச் சங்கீதம் ஆறே வசனம். கடைசி வசனத்தில்தான் "அவரைப் பாடுவேன்" என்று வருகிறது. உடம்பு மிகவும் சோர்ந்துபோன நாளில் நாலாவது வசனத்தோடு நிறுத்தச் சொல்லிவிடுவார்கள், நானும் நிறுத்திவிடுவேன். 88-ஆம் சங்கீதம் அப்படித் திரும்பாமலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தானே இருக்கிறது?

இன்னொன்று. பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீரும் சாத்துக்குடியும் வாழைப்பழமும் வாங்கி வருவார்கள். பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் அவை எல்லாவற்றுக்கும் மருத்துவர் கட்டுப்பாடு போட்டிருப்பார். தண்ணீருக்கே அளவு உண்டு. எங்கள் வீட்டில் வாசலிலேயே பணிவாகச் சொல்லிவிடுவோம்: பழம் வேண்டாம், டயாலிசிஸ் நாளில் ஒருவேளைச் சாப்பாடு செய்து கொடுங்கள், அல்லது ஒரு மணிநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், நான் கடைக்குப் போய்வருகிறேன் என்று. சொன்ன பிறகு சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் மிச்சம் இருப்பவர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள், அவர்களுக்காக நான் மனதார ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

பொருநைக்கரை (கேள்வி கேட்டவர்)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று அவர் சற்றுத் தெளிவாக இருந்தபோது எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். யோபுவின் சிநேகிதரைப்பற்றிய பகுதியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். மாதக் கூட்டத்தில் சாட்சி சொல்ல இப்போது வரவில்லை என்றும், தங்கள் ஜெபத்துக்கு நன்றி என்றும் அந்தக் குழுவினருக்குத் தெரிவித்துவிட்டேன். ஒரு சகோதரிக்கு அது வருத்தம். ஆனால் அவர்களுள் மூத்தவர், தன் அண்ணனும் இதே நோயில் இறந்தவர் என்று அன்றுதான் முதல்முறையாகச் சொல்லி, வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைத் தான் தருவதாக ஏற்றுக்கொண்டார்.

ஐயாவிடம் ஒரு சந்தேகம் கேட்கவேண்டும். ஆலயத்துக்குப் போய்த் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) எடுக்க முடியவில்லையே என்பதுதான் அவருக்குள்ள பெரிய குறை. நன்றி சொல்லவேண்டும் என்றால் அங்கே முழங்காலில் நின்றுதான் தனக்குச் சொல்ல வரும் என்கிறார். வீட்டில் கொடுப்பார்களா? தண்ணீர்க் கட்டுப்பாடு இருப்பதால் பாத்திரத்திலிருந்து பருகலாமா என்றும் தயங்குகிறார்.

பழைய பாமாலை

சகோதரி, தாராளமாகக் கொடுப்பார்கள். நோயுற்றவர்களுக்கு வீட்டுக்குச் சென்று திருவிருந்து கொடுப்பது நம் சபையில் ஆயர் செய்யவேண்டிய வழக்கமான பணியே தவிர, அவர் காட்டும் சலுகையல்ல; ஆகையால் கேட்பதற்குத் தயங்கவேண்டாம். உங்கள் சேகர குருவானவரிடமோ சபை ஊழியரிடமோ ஓரிரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். டயாலிசிஸ் நாளையும் அதற்கடுத்த காலையையும் தவிர்த்து, அவர் தெம்பாக எழுந்து உட்காரும் வேளையைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பாத்திரத்திலிருந்து பருகுவது ஒரு மிடறுக்கும் குறைவே; அதுவும் கவலையாயிருந்தால் அப்பத்தை ரசத்தில் தோய்த்துத் தரும்படி கேட்கலாம். முழங்காலில் நிற்கவேண்டிய அவசியமில்லை, படுக்கையில் சாய்ந்தபடியே பெற்றுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு விசுவாசிகள் நான்கைந்து பேர் வந்து கூட நின்றால் ஜெபங்களுக்கு மறுமொழி சொல்ல அவர் சிரமப்படவேண்டியதில்லை. மேலே கத்தோலிக்க நண்பர் சொன்னதுபோல அதை அவர்கள் சொல்வார்கள். வெள்ளிக்கிழமைச் சாப்பாடு தருகிற அந்த மூத்தவரையும் அழையுங்கள்.